ஏழாம் நம்பரின் சாய்வு

கில்ரென்னன், ஃபைஃப்
9 அக்டோபர் 2012

லாக்லன்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆர்க்னித் தீவுக் காற்று உன் மூட்டுக்கு ஒத்துக்கொள்கிறதா? நீ மகள் வீட்டோடு போய் ஐந்து மாதம் ஆகிறது. சனிக்கிழமை கோல்ஃபில் எனக்கு ஜோடியாகப் போட்டிருக்கும் பல் டாக்டர் ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்புக் கேட்கிறார். ஒரே பந்தை இரண்டு பேர் மாறிமாறி அடிக்கிற ஆட்டத்தில் இது எவ்வளவு இம்சை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன் பண்ணலாமே என்கிறாள் என் வீட்டுக்காரி எல்ஸ்பெத். என் காதுக் கருவி போனைக் கண்டாலே விசில் அடிக்கிறது. தவிர, இது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

நீ போன பிறகு என் இரும்பு மட்டைகளுக்குக் கைப்பிடி மாற்ற ஆள் இல்லை. வழுக்குகிறது. புதிதாகவே வாங்கிவிடலாம் என்று, கிளப்பில் மட்டை விற்க இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஐலாவிடம் அளவு பார்க்கப் போனேன். தையல்காரி மாதிரி கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் அளந்தாள். பிறகு இரண்டு செட் எடுத்து வந்தாள். ஒன்று மெல்லியது, அச்சு அசலாக என்னுடைய பழைய மட்டை போலவே. மற்றது அடி தடித்தது. நீ மண்வெட்டி என்பாயே, அந்த ஜாதி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு இயந்திரம் தூரம் சொன்னது.

மெல்லியதில் ஏழாம் நம்பர் நூற்றுப் பதினெட்டு கெஜம் போனது. மண்வெட்டியில் நூற்று முப்பத்தெட்டு. என் பழைய ஏழாம் நம்பரை எடுத்து அடித்தேன், நூற்று முப்பத்தேழு. பழையதும் மெல்லியதும் அண்ணன் தம்பி மாதிரி. நடுவில் இருபது கெஜத்தை யார் தின்றது? மெல்லியதை மட்டம்தட்டி, மண்வெட்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறாள்.

“மெஷினுக்கு யாரையும் தெரியாது சார், பந்து போற தூரத்தத்தான் சொல்லும்” என்றாள்.

“எல்லாக் கறிக்கடைக்காரனும் தராசப் பத்தி அதேதாம்மா சொன்னான்” என்றேன். நாற்பது வருடம் எடை அளவு ஆய்வாளனாக இருந்தவனிடமா இந்த வேலை?

பதினான்காவது குழி நூற்று முப்பது கெஜம், நடுவில் ஓடை. எழுபத்திரண்டு வயதில் அதை ஏழாம் நம்பரால் தாண்டுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். ‘தாண்டாத அன்றைக்கு ஆட்டத்தையே விட்டுவிடுவேன்’ என்று பாரில் எல்லோர் முன்னாலும் சொல்லி வைத்திருக்கிறேன். மெல்லியதை வாங்கினால் ஓடையில் விழுவேன். மண்வெட்டியை வாங்கினால் ஊர் சிரிக்கும். எதை வாங்க? நீ சொல்வதைக் கேட்கிறேன்.

ஈபன்

*

ஸ்ட்ராம்னஸ், ஆர்க்னி
15 அக்டோபர்

அன்புள்ள ஈபன்,

உன் கடிதத்தைக் காலைக் கஞ்சியோடு படித்தேன், கஞ்சி ஆறிப்போனது. எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது, உன் டாக்டரிடம் சொல்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மண்வெட்டியையே வாங்கு. நான் அதைத் திட்டியதெல்லாம் வாய்க்கொழுப்பு. இப்போது பெரிய ஆட்டக்காரர்களே அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நாளைக்கே சொல்லிவிடு, நாள் கடத்தாதே. பழைய செட்டை ஒரு கோணியில் சுற்றி எனக்கு அனுப்பிவிடு. இங்கே யாருக்காவது உதவும். அதை அந்தப் பெண்ணிடம் எடுத்துக்கொண்டு போய் அலைய வேண்டாம், பாரம்.

எல்ஸ்பெத்துக்கு என் அன்பு.

என்றும் உன்,
லாக்லன்

*

கில்ரென்னன்
20 அக்டோபர்

லாக்லன்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் இடித்தது.

ஒரு ஆணி வாங்கவே ஒரு வாரம் யோசிக்கிற படகு மெக்கானிக் நீ. ‘நாளைக்கே’ என்கிறாய். முப்பது வருடம் மண்வெட்டி என்று காறித் துப்பியதை ‘அதையே வாங்கு’ என்கிறாய். பழையதைக் கோணியில் சுற்றி அனுப்பச் சொல்கிறாய். ஐலாவிடம் கொண்டுபோகாதே என்று வேறு. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக இருக்கிறது.

விசாரித்தேன். ஐலாவின் அம்மா ஆர்க்னிக்காரியாமே? உனக்கு அவர்களைத் தெரியுமா, தெரியாதா? ஒரே வரியில் பதில் எழுது.

“உங்களுக்குப் பந்தப் பாக்கத் தெரியல, பக்கத்துல நிக்கிறவனத்தான் பாக்கறீங்க” என்கிறாள் எல்ஸ்பெத். பக்கத்தில் நிற்கிறவன் சரியாக இருந்தால் நான் ஏன் பார்க்கிறேன்?

நீ கொண்டுபோகாதே என்றதாலேயே, பழைய செட்டைச் செவ்வாயன்று அவளிடம் கொடுக்கப் போகிறேன். அளந்து பார்த்தால் மர்மம் என்னவென்று தெரிந்துவிடும்.

ஈபன்

*

கில்ரென்னன்
2 நவம்பர்

அன்புள்ள லாக்லன்,

உன் பதில் இன்னும் வரவில்லை. வேண்டாம், எழுதாதே. உன்னைப் போய்ச் சந்தேகித்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மன்னித்துக்கொள். திருடி யாரென்று தெரிந்துவிட்டது.

செவ்வாயன்று மட்டைகளைக் கொடுத்தேன். வியாழனன்று கூப்பிட்டாள். கோணம் அளக்கும் கருவியில் என் ஏழாம் நம்பரை மாட்டிக் காட்டினாள். மட்டை முகத்தின் சாய்வு முப்பத்தாறு டிகிரி இருக்க வேண்டும், அச்சடித்த அட்டவணையில் இருக்கிறது. இருந்ததோ இருபத்தொன்பது. நம்பர் குறையக் குறைய முகம் நிமிரும், முகம் நிமிர்ந்தால் பந்து தாழ்ந்து தூரம் போகும் என்பது உனக்குத் தெரியாததா? மூன்றிலிருந்து ஒன்பது வரை எல்லாமே அதே ஏழு டிகிரி நிமிர்ந்திருக்கிறது.

“நீங்க ஏழுன்னு நெனச்சு அடிச்சதெல்லாம் அஞ்சு மாதிரி சார். யாரோ பாத்துப் பாத்து வளைச்சிருக்காங்க. நல்ல கை” என்றாள்.

நல்ல கையாமே. இரண்டு நாள் மட்டை அவளிடம் இருந்தது, வளைக்கும் கருவியும் அவள் அறையிலேயே இருக்கிறது. தன் இயந்திரத்தின் பொய்யை மெய்யாக்க என் மட்டைகளை வளைத்துவிட்டாள். இத்தனை வருடமாக நான் ஓடையைத் தாண்டியதெல்லாம் என் கையால் இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். இதை விட முடியுமா?

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். இருபத்து மூன்றாம் தேதி கூட்டம். அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அன்றைக்கே முடிவு செய்வார்கள். எனக்கு ஒரு சாட்சி வேண்டும். வருடா வருடம் அந்த மட்டைகளைக் கழற்றிக் கைப்பிடி போட்டவன் நீ. கூட இணைத்திருக்கும் தாளில், ‘கடந்த குளிர்காலம் என் கையில் இருந்தபோது இவை சரியான சாய்வில் இருந்தன’ என்று எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் சொல்லுக்கு இந்த ஊரில் மறுசொல் கிடையாது.

உன் நண்பன்,
ஈபன்

*

ஸ்ட்ராம்னஸ்
8 நவம்பர்

அன்புள்ள ஈபன்,

நீ அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

வளைத்தவன் நான்.

2006 வசந்தத்தில், உனக்கு நெஞ்சில் அறுவை நடந்த பிறகு ஆடிய முதல் சனிக்கிழமையை நினைத்துப் பார். இரட்டைப்படைக் குழிகளில் முதல் அடி உன்னுடையது. பதினான்கில் உன் ஏழாம் நம்பர் ஓடையில் விழுந்தது. அடுத்த வாரமும் விழுந்தது. அதற்கடுத்த வாரமும். போகும்போது மட்டைகளைக் காரில் ஏற்றாமல் கிளப் குப்பைத் தொட்டி ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனாய். நான்தான் எடுத்து வந்தேன். ‘கைப்பிடி மாற்றித் தருகிறேன், இன்னொரு வாரம் பார்’ என்று சொன்னது நினைவிருக்கிறதா?

அன்றைக்குப் பட்டறையில் கவ்வியில் மாட்டி ஒரு டிகிரி நிமிர்த்தினேன். உடம்பும் தேறியது, நீ தாண்டினாய். அன்று நீ ஓடைப் பாலத்தில் நடந்த நடையைப் பார்த்தவன் நான் மட்டுந்தான். அடுத்த குளிர்காலத்தில் ஓடை மறுபடி கிட்டே வந்தது. இன்னொரு டிகிரி. இப்படி வருடத்துக்கு ஒன்றாக ஏழு. ஒரேயடியாகச் செய்தால் உன் கண்ணுக்குத் தப்பாது என்று தெரியும். முகம் நிமிர்ந்ததால் மட்டை மண்ணைக் கொத்தியது. புல் சரியில்லை என்று புல்வெட்டுகிறவர்மேல் மூன்று புகார் எழுதினாய். மூன்று முறையும் அவருக்கு நான் பீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

மண்வெட்டியை வாங்கச் சொன்னது, அதை வாங்கிவிட்டால் உனக்கு எதுவும் தெரியவராது என்பதால்தான். ஐலாவின் அம்மாவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

உனக்காகச் செய்தேன் என்று சொன்னால் அதில் பாதி பொய். நீ ஆட்டத்தை விட்டால் என் சனிக்கிழமை போய்விடும் என்று பயந்தேன். எனக்கு உன்னைத் தவிர யாரோடும் ஆடத் தெரியாது. இது வேறு யாருக்கும் தெரியாது, சத்தியம். ஆனால் இப்போது கமிட்டிச் செயலாளருக்கும் எழுதிவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது. என் தப்புக்கு அந்தப் பெண்ணின் சோற்றில் மண் விழக்கூடாது.

லாக்லன்

*

ஸ்ட்ராம்னஸ்
1 ஜனவரி 2013

அன்புள்ள ஈபன்,

புத்தாண்டு பிறந்ததும் உன் வாசற்படியை முதலில் மிதிக்கிறவன் முப்பத்தொரு வருடமாக நான்தான். இந்த வருடம் நல்ல சகுனத்துக்குக் கரித்துண்டும் விஸ்கியும் கொண்டுவந்தது யார்? எல்ஸ்பெத்தின் வாழ்த்து அட்டை வந்தது. உன் கையெழுத்தைத் தேடினேன், இல்லை.

திட்டியாவது எழுதேன்.

லாக்லன்

*

கில்ரென்னன்
4 மார்ச் 2013

லாக்லன்,

புத்தாண்டுக்கு யாரும் வரவில்லை. பல் டாக்டர் வந்து மணி அடித்தார். நான் திறக்கவில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஊரில் எவன் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று தோன்றியது. எத்தனை பேருக்குத் தெரியும், எத்தனை வருடமாகத் தெரியும் என்று ஒவ்வொரு முகமாக அளந்தேன். ஊரில் இருக்கிற தராசையெல்லாம் சோதித்தவன், தன் பையில் இருந்ததைச் சோதிக்கவில்லை. உன்மேல் வந்த கோபத்தில் நாலு கடிதம் எழுதினேன். எல்ஸ்பெத் நாலையும் அடுப்பில் போட்டாள்.

விதிப்புத்தகத்தை மூன்று முறை புரட்டினேன். ஒருவன் மட்டையை இன்னொருவன் வளைக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இந்த ஏழு வருடத்தில் நாம் ஜோடியாக ஜெயித்த கோப்பை நம்முடையதுதான்.

கமிட்டியில் எழுந்து நின்று புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஐலாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“நாப்பது வருஷம் கடைக்காரங்க உங்கள எப்படி சார் தாங்கினாங்க?” என்றாள்.

“தாங்கலம்மா. பாதிப் பேரு கடைய மூடிட்டான்” என்றேன். அதற்குப் பிறகு டீ கொடுத்தாள்.

மண்வெட்டியின் ஏழாம் நம்பரையும் அந்தக் கருவியில் மாட்டிக் காட்டச் சொன்னேன். இருபத்தொன்பது டிகிரி. உன் கணக்கேதான், லாக்லன். ஏழு என்று பொறித்துத் தொழிற்சாலையிலேயே நிமிர்த்தி விற்கிறான். நீ கவ்வியில் ஏழு வருடம் செய்ததை அவன் ஒரே நாளில் செய்கிறான். மெல்லியதன் ஏழு முப்பத்தாறு டிகிரி. மெல்லியதை வாங்கிவிட்டேன்.

போன சனிக்கிழமை பதினான்கில் எல்லோரும் பார்க்க அந்த ஏழாம் நம்பரை எடுத்தேன். ஓடையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. டாக்டர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. தாண்டாவிட்டால் ஆட்டத்தை விடுவேன் என்று பாரில் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. ஏழாம் நம்பரைக் கீழே வைத்தேன். கண் கலங்கியது, மறைக்கவில்லை. நீ எத்தனை வருடம் அந்த மேட்டில் என் பக்கத்தில் நின்று, பந்து தாண்ட வேண்டுமே என்று மூச்சைப் பிடித்திருப்பாய் என்று நினைத்தேன். இன்னொரு பந்தை வைத்து ஐந்தாம் நம்பரால் அடித்தேன். தாண்டியது. என் கையால் தாண்டியது.

இன்னொன்று. என் முதுகு கூனிவிட்டதாம், புதிய மட்டைகளின் கழுத்தை இரண்டு டிகிரி வளைத்துத் தரையோடு படிய வைக்க வேண்டுமாம். ஐலாவே செய்து தருகிறேன் என்றாள். “வேணாம், எனக்கு ஆள் இருக்கு” என்றேன்.

“அவரேவா?” என்றாள்.

“அவனேதான்.”

ஈஸ்டருக்குக் கிளம்பி வா. உன் கவ்வி இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நீ வளை. நான் பக்கத்தில் நிற்பேன், கோணமானி என் கையில் இருக்கும்.

ஈபன்