காலியாக விட்ட மூன்று கட்டங்கள்

என்னங்க,

இட்லிக்குத் தொட்டுக்க மல்லாட்டைப் பொடி அனுப்பியிருக்கேன். ஏரி ஆராய்ச்சின்னு ஜப்பான் போனவரு இளைச்சிப் போயிருக்கீங்க, வீடியோல பாத்தேன்.

நீங்க விட்டுட்டுப் போன வேலையை விடல. தினம் காலைல பனமலை ஏரிக்குப் போயி, அளவுக்கம்புல தண்ணி எவ்ளோன்னு பாத்து போன்ல ஏத்திடறேன். ஆறு நாட்டு ஏரிங்களோட நம்ம ஏரியும் ஒரே பட்டியல்ல வர்றது பெருமையாத்தான் இருக்குது.

போன வாரம் மட்டும் மூணு நாள் காலி. அதுக்கு முந்தின நாள் எழுபத்தி நாலு சென்டிமீட்டர், பிந்தின நாள் எழுபது. நடுவுல எழுபத்தி மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு போட்டிருந்தா யாருக்குத் தெரியப் போவுது? ஆனா பாக்காத தண்ணியை எழுதக்கூடாதுன்னு, கல்யாணமான புதுசுலயே என்னை அழவெச்ச ஆளாச்சே நீங்க!

கட்டத்தைக் காலியா விட்டா போன் காரணம் கேக்குது. அதுலயும் பொய் எழுத மனசு வரல. ஆறு நாட்டுக்காரங்களும் படிச்சிட்டாங்க. பின்லாந்துக்காரம்மா, "ஆபரேஷன் தையல் பிரிச்சாச்சா?"ன்னு மெயில் போட்டாங்க. வேலை மும்முரத்துல பட்டியலைப் பாக்காத உங்ககிட்டதான் சொல்லல. சொன்னா வேலையைப் பாதில விட்டுட்டு ஓடியாந்துடுவீங்க.

வராதீங்க. இன்னிக்குத் தண்ணி அறுபத்தெட்டு. பாக்காம எழுதமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நீங்க அழவெச்சவ