ஃபுயுகோ பாடாமல் விடும் வரி

ஜூலை 6, 2025

ஓயாத பர்மா மழை. லான்மடாவ் தெருவில் என் கடையில் குடை நன்றாகப் போகிறது. மகள் உஸ்மா ஒசாகாவுக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போய்ப் பத்து மாதம். உம்மாவோடு தினமும் பேசுகிறாள். என்னோடு மட்டும் இல்லை.

அவள் ஒட்டிய படம் இன்னும் கதவில் இருக்கிறது. ஃபுயுகோ. ஜப்பான் அனிமே தொடர்களுக்கு முகப்புப் பாட்டுப் பாடுகிற பெண். உஸ்மா கிளம்புவதற்கு முதல் நாள் நான் சொன்னேன்: “இவளுக்குப் பாடவே வரல. கஷ்டமான வரி வந்தா மைக்கக் கூட்டத்துப் பக்கம் நீட்டிடுறா. இவளை நம்பியா ஜப்பானுக்குப் போற?”

அதற்குப் பிறகு பிள்ளை என்னிடம் பேசவில்லை. இன்றுவரை.

ஜூலை 9

கரண்ட் இல்லை. மனசும் சரியில்லை.

ஜூலை 13

மனைவி கமருன்னிசா போனைக் கையில் திணித்தாள். “திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா பாருங்க.” கீழே பர்மிய எழுத்து ஓடும் ஃபுயுகோ பேட்டி. பார்த்தேன்.

பத்தொன்பது வயதில் முதல் பாட்டு, நாடே பாடியிருக்கிறது. முப்பத்திரண்டில் தொண்டையில் கட்டி, ஆபரேஷன். உச்சக் குரல் போய்விட்டது. ஏழு வருஷம் சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டியிருக்கிறார். திரும்ப மேடையேறிய அன்று, அந்த முதல் பாட்டின் உச்ச வரியில் குரல் எழவில்லை. நின்றுவிட்டார். பன்னிரண்டாயிரம் பேர் அந்த வரியை எடுத்துப் பாடினார்கள். அன்றிலிருந்து எந்த ஊரிலும் அந்த வரி கூட்டத்துக்குத்தான்.

யா அல்லாஹ், நான் என்ன பேச்சுப் பேசிவிட்டேன்!

ஜூலை 14

மூன்று தடவை பார்த்தேன். பிரேசிலில்கூடப் பாடுகிறார்கள் — ஒரு சொல் புரியாத ஜனங்கள், கண்ணீரோடு. ஒரு மனுஷிக்கு இத்தனை தொண்டைகளா?

ஜூலை 20

அந்த வரியை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். சின்ன வயதில் மதரஸாவில் படித்த அரபுத் தமிழ் எழுத்தில்தான் அந்தச் சத்தமெல்லாம் சரியாக உட்கார்ந்தது. அரபு எழுத்தில் ஜப்பான் பாட்டு! உஸ்தாது பார்த்திருந்தால் பிரம்பு முறிந்திருக்கும்.

பக்கத்துத் தேநீர்க்கடை செல்வம் எட்டிப் பார்த்தார். “என்ன பாய், புது துஆவா?”

“ஆமா” என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது.

ஜூலை 27

குடைக்குக் கம்பி மாட்டிக்கொண்டே பாடிப் பழகுகிறேன். உச்சத்தில் குரல் கிழிகிறது. குடை வாங்க வந்த அம்மா வாங்காமலே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9

உஸ்மா கவனித்துவந்த பெரியவர் இறந்துவிட்டாராம். வாராவாரம் அவருக்கு ஃபுயுகோ பாட்டைப் பாடிக் காட்டுவாளாம். திங்கட்கிழமை இல்லத்தில் நினைவுக் கூட்டம். அவள்தான் பாட வேண்டும். “பாட ஆரம்பிச்சா அழுகை வருது உம்மா” என்றாளாம். தனியாக, அவ்வளவு தூரத்தில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியம் உஸ்மா அழைத்தாள். வழக்கமாக நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இன்று கதவோரம் நின்றேன், அந்தப் படத்தின் பக்கத்தில்.

“எங்க, இப்பப் பாடு பாப்போம்” என்றாள் கமருன்னிசா.

பாடினாள். என் பிள்ளைக்கு இப்படியொரு குரலா! இருபத்துமூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்து நான் கேட்கவில்லையே. அந்த வரி வந்தது. குரல் உடைந்து நின்றுவிட்டாள்.

நான் பாடினேன். சட்டைப்பையில் சீட்டு இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. கிழிந்த குரலிலேயே முழு வரியும் பாடி முடித்தேன்.

கமருன்னிசா போனை என் பக்கம் நீட்டினாள்.

“வாப்பா?”

“ம்.”

“ராகம் தப்பு வாப்பா.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “இன்னொரு தடவை பாடுங்க. நானும் சேந்து பாடுறேன்.”