பயிற்சியாளர் என்று ஒரு சொல்

ஜார்ஜ்டவுன்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி யுகேந்திரனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், மழை வந்தால் அப்பாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது, வேறொன்றுமில்லை. டப்ளின் குளிர் உனக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் நீ வேலைக்குக் கிளம்பிவிடுவாய், அதனால் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

செபராங் ஜெயா சித்தி ஜெகதீஸ்வரியின் மகள் அர்ச்சனாவைப் பற்றித்தான். பதினாறு வயதில், படிவம் நான்கு படிக்கும்போது டெங்கி வந்து படுத்தவள், விட்ட பாடத்துக்கு வெட்கப்பட்டு வீட்டிலேயே தங்கிவிட்டது உனக்குத் தெரியும். இப்போது இடைநிலைப் பள்ளியும் கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது, எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சட்டம் வந்த கையோடு வேலைக்கு ஆள் சேர்க்கும் கார்த்திகேசு என்ற ஏஜெண்ட் சித்தி வீட்டு வாசலில் வந்து நிற்கிறாரே, அதுதான் உறுத்துகிறது. "பிள்ளைய வீட்ல வெச்சிருந்தா கோர்ட்டுக்கு இழுப்பாங்கக்கா, நம்ம சென்டர்ல போட்டுட்டா பள்ளிக்கூடம் போன மாதிரிதான்லா" என்றாராம். எந்தத் தாளில் அப்படி இருக்கிறது என்று அவரையே போனில் கேட்டேன். மேலிடத்தில் சொன்னார்கள் என்றார். எந்த மேலிடம் என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

நேற்று அந்த சென்டர் இருக்கும் புக்கிட் தெங்காவுக்கே போய்ப் பார்த்தேன். முன்னால் பயிற்சி மையம் என்று புதுப் பலகை, பின்னால் பிளாஸ்டிக் தொழிற்சாலை, இரண்டுக்கும் ஒரே கேட், ஒரே பஸ். வகுப்பறை மேசைகளில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பாடம் எப்போது என்று காவலாளி கமாலைக் கேட்டேன், எல்லாம் செய்முறைதான், காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை என்று சிரித்தார். சுவரில் வருகைப் பட்டியல் இருந்தது. இருபத்தாறு பெயர்கள். ஆசிரியர் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு.

சித்தியிடம் இருக்கும் தாளில் மலாயில் "பெலாத்தி" என்று போட்டிருக்கிறது, பயிற்சிக்கு வந்தவர் என்று அர்த்தம். கீழே கார்த்திகேசு தமிழில் "பயிற்சியாளர்" என்று எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா, சொல்ல முடியவில்லை. அதைப் படித்து நம் பிள்ளை அர்ச்சனா, தனக்கு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என்று நம்பி அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டாள். "பெரியம்மா, இனிமே என்னை டீச்சர்னுதான் கூப்பிடணும்" என்று என்னையே கேலி செய்தாள். அவள் சிரித்துப் பல மாதமாகிறது, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

நீயும் நல்ல வாய்ப்பு, சேர்ந்துவிடு என்றாயாம். தாளை நீயே படித்தாயா, சித்தி வாசித்ததைக் கேட்டுச் சொன்னாயா? வெள்ளிக்கிழமை கையெழுத்து. அர்ச்சனாவின் பள்ளியில் நூர் ஃபாத்திஹா டீச்சரைப் பார்த்தேன், திங்கள் முதல் வரட்டும், விட்ட பாடத்தை மதியம் தனியாக எடுக்கிறேன் என்கிறார். சித்தியோ, "அக்காவுக்குப் பத்திரிகை வேலை போயும் சந்தேகம் போகல" என்று என் பேச்சைத் தள்ளிவிடுகிறாள். உன் வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குளிரில் வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே, சூடாகச் சமைத்துச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வியாழனுக்குள் அர்ச்சனாவைக் கூப்பிடு. அந்தச் சொல்லுக்கு அர்த்தத்தை நீயே சொல். நான் சொன்னால் அழுவாள், நீ சொன்னால் கோபப்படுவாள். கோபம் வந்தால் பள்ளிக்குப் போவாள்.

உன் அம்மா,
சந்திரிகா