நீ சத்தம் போடாமல் எழுதிய கடிதம்

இந்தத் தாளில் அந்துருண்டை வாசம் அடிக்கிறது. உன் தங்கை இதைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாளாம். நேற்று பாகான் செராயில், அவள் வீட்டு வாசலிலேயே வைத்து என் கையில் திணித்தாள். அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு கோபம். யார் மேல் என்று கேட்காதே, உன் மேலும்தான்.

சண்டை போடத்தான் போனேன். சாகக் கிடந்த அக்கா கடிதம் போட்டுக் கூப்பிட்டும் வராதவள் என்ன பிறவி என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று. கேட்டேன். அவள் உள்ளே போய் இந்தத் தாளைக் கொண்டுவந்தாள்.

"நீங்களே பாருங்கக்கா. சாகப்போறவ இப்படியா அதட்டுவா? தோட்டத்துல வீட்டக் காலி பண்ணச் சொல்லி லயத்து வீட்டுச் செவுத்துல நோட்டீஸ் ஒட்டுனாங்களே, அதே மாதிரி இருக்கு லா."

பார்த்தேன். வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை, எல்லாம் உன்னுடையவை. ஆனால் தலை முதல் கால் வரை தடித்த எழுத்து. ‘வந்துட்டுப் போ’ மட்டும் சிவப்பில், அடிக்கோடு போட்டு, பின்னால் வரிசையாக ஆச்சரியக்குறிகள். மின்சாரத்தை வெட்டப்போகிறோம் என்று கடைசி அறிவிப்பு வருமே, அதுகூட இதைவிட மரியாதையாக இருக்கும். அடிப்பாவி, நீயா இப்படிப் போடுவாய்!

ஈப்போவில் நம் டைப்பிங் கடையில் நீ பண்ணிய அழிச்சாட்டியம் எனக்கல்லவா தெரியும். கோப்பெங்கிலிருந்து ஒருவர், வீட்டை விட்டுப் போன மகனுக்குக் கடிதம் அடிக்க வந்தார். "நல்லா தடிப்பா போடும்மா, அவனுக்கு உறைக்கணும்" என்றார். நீ மெல்லிய எழுத்தாக எடுத்து, வரிகளைத் தள்ளித் தள்ளி வைத்தாய். "அண்ணே, தடிச்ச எழுத்து திட்டும். மெல்லிசு எழுத்துதான் கூப்பிடும். மகன் வரணுமா, வேணாமா?" என்று கேட்டாய். மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார். துக்கக் கடிதத்துக்குப் பூ பார்டர் கேட்டவர்களை நீ விரட்டியது தனிக் கதை. "வர்றவங்க கேக்குறதப் போட்டுக் குடேன் லா" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "எழுத்து கண்ணுல பட்டதுமே குரல் கேட்டுரும்டி. படிக்கிறது அப்புறந்தான்" என்பாய்.

ஆனால் உன் சொந்த வாய் இருக்கிறதே, அது பாரிட் புந்தார் வரைக்கும் கேட்கும். உங்கள் அம்மா செத்த வீட்டில், அத்தனை சனத்துக்கு நடுவில், தாமதமாக வந்தாள் என்று தங்கையைப் பிடித்து ஏசினாய். அன்றைக்குத் திரும்பிப் போனவள்தான் அவள். அதனால்தான் ஆஸ்பத்திரியில், அவளைப் போனில் கூப்பிடு என்று நான் சொன்னபோது மாட்டேன் என்றாய்.

"பேசுனா சத்தம் வந்துரும். எழுதிடறேன். அதுவும் போன்ல வேணாம், அதுல எல்லார் எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். தாள்ல போவட்டும்."

என் மடிக்கணினியைப் படுக்கையில் வாங்கி வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க நீயே அமைத்தாய். உருண்டையான, கோடு மெலிந்த சின்ன எழுத்து. கடைசியில் உன் பெயர், அது மற்றதைவிடச் சின்னது. பக்கத்தின் நடுவில் தனியாக ‘வந்துட்டுப் போ’. அதற்கு மேலும் கீழும் வெறும் தாள். "அவ யோசிக்கட்டும், எடம் இருக்கட்டும்" என்றாய்.

நம் கடைப் பிரிண்டர் அந்த வாரம் பார்த்துத்தானா படுக்க வேண்டும்? வேறு கடையில் எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேனா இல்லையா? "நீ போனா சண்டைக்குப் போன மாதிரி இருக்கும்" என்று, உன் மகன் போனுக்கு அனுப்பி, பிரிண்ட் எடுத்துக் கூரியரில் போடச் சொன்னாய். சொல்லிவிட்டு, கண்ணை மூடுகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவாய். பக்கத்தில் உட்கார்ந்து நான் அவளைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பாகான் செராயிலிருந்தே உன் மகனைப் போனில் பிடித்தேன்.

"பிரிண்ட் எடுக்கப் போன கடைக் கம்ப்யூட்டர்ல அந்த ஃபாண்ட் இல்ல ஆன்ட்டி, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சு. போனப் பாத்து நானே திரும்ப அடிச்சேன். சித்திக்குக் கண்ணு சரியில்ல, அதான் பெருசா போட்டேன். அம்மாவுக்கு நேரமில்லன்னு தெரியணுமேன்னு செவப்புல போட்டேன். ஏன் ஆன்ட்டி, தப்பா?"

வந்த ஏச்சை விழுங்கிவிட்டுப் போனை வைத்தேன். பிள்ளை அக்கறையாகத்தான் செய்திருக்கிறான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எவனாவது கெட்டவன் செய்திருந்தால் ஆசை தீரத் திட்டியாவது இருப்பேன். ஊரார் கடிதத்துக்கெல்லாம் எழுத்துப் பொறுக்கினாயே, பெற்ற பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தாயா? அனுப்பும் முன் ஒரு தடவை கொண்டுவந்து காட்டடா என்றாவது சொன்னாயா?

உன் தங்கையை ஈப்போவுக்கு வரச் சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை வந்தாள். நீ வைத்த எழுத்திலேயே, நீ விட்ட இடத்தை விட்டு, ஒரு தாள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கடையில் நின்றபடியே படித்தாள். அதே வார்த்தைகள்தான், முன்பே படித்தவள்தான். நடுவரிக்கு வந்ததும் அவள் உதடு கோணியது.

"எங்கக்கா இவ்ளோ மெதுவா பேசி நான் கேட்டதே இல்லக்கா" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். தாளை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"கூப்பிட்டிருக்கா. இப்ப நான் எங்க போறது, அக்கா?"

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பதில் சொல்ல வேண்டியவள் நீ.