ஒரே படகில் இரண்டு மாடி

அன்பு மகள் மிளகுக்கு,

ஏரிகளின் அதிபதியும் மீன்குலத்துக்கு எமனும் உங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவனுமாகிய சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் மாடியில் சுகம், உன் அப்பாவும் அம்மாவும் கீழே சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், நான் பாதியில் வேறு மாதிரி ஆகிவிடுவேன், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

நீ அனுப்பிய இரண்டு பெட்டியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன, மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று. டிவியில் மாட்டி மீன்பிடிக்கிற விளையாட்டு சித்தப்பா, நிஜம் மாதிரியே இருக்கும், பொறுமை வரும் என்றாய். கீழே உன் அப்பாவிடம் என்ன சொல்லி மயக்கினாயோ எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் இருவரையும் ஒரே ஏரியில், அதுவும் இரண்டு பேர் உட்காருகிற ஒரே படகில் ஏற்றிவிட்டு, நீ மட்டும் கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டாயே, அந்தக் குசும்பு உன் அப்பா வழியில் வந்ததில்லை, நேராக என்னிடமிருந்து வந்தது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஓட்டல் மாடிப்படியில் இருவருமாகத் தூக்கிப்போன அந்த ஆளுயரக் கண்ணாடி உடைந்ததிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளாதது உனக்குத் தெரியும். முதலில் கையை விட்டது நான் என்று அவர், அவர் என்று நான். ஆனால் அதற்குப் பிறகு நம் கண்ணாடிக் கடை நடந்த லட்சணம் உனக்கு முழுதாகத் தெரியாது, உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள். ஒரே மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் அளவுகோல் கிடக்கும், அது வேண்டுமென்றால் கண்ணாடி வாங்க வந்தவரிடம் "அவர்கிட்ட அதைக் கொஞ்சம் வாங்கிக் குடுங்க" என்பேன். வீட்டில் உன் சித்தியும் அம்மாவும் தபால் இலாகா, சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. நம் தொழிலில் பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்கினால், தூக்கின நொடியிலிருந்து கீழே வைக்கிறவரை வாயை மூடக் கூடாது, அது நீ பார்த்து வளர்ந்ததுதானே. படி வருது, மெல்ல, இடப்பக்கம், நில்லு, இப்ப வா என்று பேசிக்கொண்டே போக வேண்டும், பேச்சு நின்றால் கண்ணாடி போச்சு. பேசாத இரண்டு பேர் எதைத் தூக்குவது? வருகிற பெரிய வேலையையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கும் போட்டோவுக்கும் உள்ளங்கை அகலத் துண்டுகளை அறுத்துக்கொண்டிருந்தோம். யானை கட்டிப் போரடித்தவன் பூனையைக் கட்டிப் போரடித்த கதை.

சரி, ஏரிக்கு வருகிறேன். என்ன ஏரியம்மா அது! காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும், தண்ணீர் சூடா குளிரா என்று பார்க்க வேண்டும், மீன் துரைக்கு இன்றைக்குப் புழு வேண்டுமா மாவுருண்டை வேண்டுமா என்று புது மாப்பிள்ளையை விசாரிப்பது போல விசாரிக்க வேண்டும். கட்டினவளுக்கு ஒரு நாள் இப்படிப் பார்த்துச் செய்ததுண்டா என்று உன் சித்தி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். முதல் வாரம் நான் பிடித்தது கரையோரத்து மரத்தை. இரண்டாம் வாரம் உன் அப்பாவின் தொப்பியை. அதுவும் சாதாரணத் தொப்பியா, அகலத்தில் ஒரு கல்யாணப் பந்தல்! தலையில் தூண்டில் மாட்டியும் மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார், அச்சு அசல் கடையில் உட்காருகிற மாதிரியே. அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு உன் அப்பாவை எப்படித் தெரிந்தது என்று வியந்துபோனேன். இருந்தாலும் சாயங்காலம் கடை சாத்தினதும் அவர் கீழே இருந்து படகில் ஏறுவார், நான் மேலே இருந்து ஏறுவேன், ஒரு நாள் தவறியதில்லை.

இப்போது உன் சித்தப்பா செய்த மகா காரியத்தைக் கேள். பெட்டியோடு வந்த அந்த ஹெட்செட்டைக் காதில் மாட்டினால் காது இட்டிலியாக வேகிறது. அதனால் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வேன். அதன் ஓரத்தில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது, சரி, அழகுக்கு வைத்திருக்கிறான் போல என்று விட்டுவிட்டேன். அதுதான் மைக்காம்! நான் மாடியில் மூச்சு விட்டால் கீழே கேட்குமாம்! இது தெரியாமல் தினமும் தூண்டிலை வீசிவிட்டு உன் சித்தியிடம் அண்ணனைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். "எங்க அண்ணன் இருக்காரே, பாறாங்கல்லுக்குப் பக்கத்துல உக்காந்தா பாறாங்கல்லு வாயாடின்னு பேர் வாங்கிடும்" என்று ஒரு நாள். "அவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் இந்த ஏரி மீனெல்லாம் வேற ஏரிக்கு வீடு மாத்திடுச்சு" என்று ஒரு நாள். எல்லாம் வேடிக்கைதான். ஆனால் போன மாதம் ஒரு நாள் எதுவுமே கடிக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. "கண்ணாடியோட அந்த முனையில அவர் கை இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு மலையே ஏறுவேன்டி, வேற எவன் பிடிச்சாலும் எனக்குக் கை நடுங்குது. இப்படிப் பேசாமலே ரெண்டு பேர்ல ஒருத்தர் போய்ச் சேர்ந்துடுவோமோன்னு பயமா இருக்கு" என்றேன். உன் சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அதனால் அவள் கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கீழே நடந்ததை உன் அம்மா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். உன் அப்பா பல நாள் தூண்டிலையே எடுப்பதில்லையாம், ஹெட்செட்டை மட்டும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். மீனும் பிடிக்காம தனியா எதைக் கேட்டுச் சிரிக்கிறீங்க என்று அவள் கேட்டதற்கு, செய்தி வாசிக்கிறாங்க என்றாராம். ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாராம்.

அப்புறம் ஒரு சாயங்காலம், மகளே, அது கடித்தது. ஒரு கெளுத்தி. அதன் மீசை மட்டும் நம் வாசல் கேட் நீளம், அது வாயைத் திறந்தபோது உள்ளே இன்னொரு ஏரி தெரிந்தது, நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், ஆனால் உண்மை எப்போதுமே அப்படித்தான். கோல் வில்லாக வளைகிறது, கைப்பிடி கிடுகிடுவென்று நடுங்குகிறது, நூல் எந்நேரமும் அறுந்துவிடும் என்று திரையில் சிவப்பாக எரிகிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறேன். அப்போது என் கழுத்திலிருந்து ஒரு குரல். "இழுக்காதேடா. விடு. நூலை விடு." நான் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "நான் சொல்றேன்ல, அது ஓடட்டும். ஓடட்டும். நில்லு. இப்ப சுத்து. மெல்ல. இடப்பக்கம் வருது பாரு, படகை நான் திருப்புறேன், நீ கையை அசைக்காதே." படிக்கு வருகிற கண்ணாடிக்குச் சொல்கிற அதே குரல், அதே நிதானம். நானும் எதையும் யோசிக்காமல் சரிண்ணே, வருதுண்ணே, பிடிங்கண்ணே என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். அவர் குனிந்து வலையை நீட்டி அதை அள்ளிப் படகில் போட்டார்.

மீன் படகில் துள்ளுகிற சத்தம் மேலேயும் கீழேயும் கேட்டது. அது துள்ளி அடங்கினதும் உன் அப்பா, "பாறாங்கல்லு வாயாடியா இருக்குமாடா?" என்று கேட்டார். நான் கழுத்திலிருந்த அந்தக் குச்சியை அவசரமாகக் கையால் பொத்தினேன். அவரே தொடர்ந்தார். "மீதியும் கேட்டேன். உங்க அண்ணி டீ போட்டிருக்கா, கீழ வா." நான் படியில் இறங்கினேனா, விழுந்தேனா என்று எனக்கு நினைவில்லை, விழுந்ததாகத்தான் சித்தி சாட்சி சொல்கிறாள்.

உடைந்த கண்ணாடியைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை, இனிமேலும் மாட்டோம் என்று நினைக்கிறேன். அந்த வாரமே முக்கு பேக்கரிக்காரர் கடை முகப்புக்குப் பெரிய கண்ணாடி கேட்டு வந்தார். வழக்கம்போலத் திருப்பி அனுப்ப நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா என்னைக் கேட்காமலே அளவெடுக்கக் கிளம்பிவிட்டார். நேற்று அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனோம். அந்த முனையில் அவர், இந்த முனையில் நான், பள்ளம் வருது, பாத்து, சைக்கிள் வருது, நில்லு, இப்ப வா என்று பேசிக்கொண்டே கொண்டுபோய் முகப்பில் பொருத்தினோம். பொருத்தி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகும் எங்கள் வாய் மூடவில்லை, பேக்கரிக்காரர் விளக்கை அணைத்து ஷட்டரைப் பாதி இறக்கினபோதுதான் வெளியே வந்தோம்.

நீ செய்ததற்கு நன்றி என்று ஒரு வார்த்தை எழுதினால் அது சின்னதாக இருக்கிறது, பெரிதாக எழுத எனக்குப் படிப்பு போதாது. வாயாடி வம்சத்தில் வந்தவளே, நீ நூறாண்டு நன்றாக இரு, உன் கைபட்டதெல்லாம் துலங்கட்டும். வேலை வேலை என்று முதுகு ஒடிய உட்காராதே, நடுநடுவே எழுந்து நட. முக்கியமான ஒன்று, மூன்று பேர் உட்காருகிற படகு அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். கேட்கச் சொன்னது நானில்லை, உன் அப்பா.

இப்படிக்கு,
உன் குரல் கேட்கக் காத்திருக்கும்
சித்தப்பா

(மீன் மீசை அவ்வளவு நீளமில்லை என்று எழுதச் சொல்லி உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிக்கிறார். எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன்.)