எட்டு ஹெச்.பி. போதும்

கல்பாக்கம்,
ஜூலை 2003

என்னங்க,

"அப்பா பேசிட்டார்மா!" என்று ரோகிணி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். பேச்சு திரும்பியதும் நீங்கள் முதலில் கேட்டது என்னை இல்லையாம், படகுக்கு மோட்டார் வாங்கியாச்சா என்றுதானாம். வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். நேரே போய் சாமிக்கு விளக்கேற்றினேன்.

வாங்கிவிட்டேன். நீங்கள் ஆசைப்பட்ட பதினைந்து ஹெச்.பி. இல்லை. மெக்கானிக் ஜெபகுமார் நம் பழைய அலுமினியப் படகைத் தட்டிப் பார்த்தார். "இது இன்னா பைபர் படகா? பதினஞ்சு மாட்டினா பின்னாடி அமுங்கி, மூக்கு மேல தூக்கிக்கும்க்கா. பத்து தாங்கும். எட்டே போதும்" என்றார்.

பத்தா எட்டா என்பதை நான்தான் முடிவு செய்தேன். இரண்டிலும் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். பத்து அசைந்து கொடுக்கவில்லை. எட்டு, மூன்றாவது இழுப்பில் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"இன்னாக்கா, பீச்சாங்கைல இழுக்கிற?" என்று சிரித்தார் ஜெபகுமார். இன்னொரு தடவையும் இடது கையாலேயே இழுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

டாக்டர் சொல்லும் பயிற்சியைச் செய்யுங்கள். வலது கை நிதானமாக வரட்டும். அதுவரை மீன் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
படகில் உங்கள் எதிரே உட்காரப் போகிறவள்