வாத்தியார் இன்னும் பெயர் கூப்பிடுகிறார்

மார்ச் 4
என் நகைச்சுவைக்குச் சிரித்தே இந்த ஊரில் பாதிக் கட்டடங்கள் விரிசல் விட்டிருக்கின்றன. அப்பேர்ப்பட்ட என்னை எடிட்டர் இன்று இரங்கல் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டார். "பக்கம் மாறிடுச்சு சார், எழுத்தும் மாறணும். உங்க அளப்பு இங்க வேணாம். ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்குத்தான்."
அளக்காமல் எழுதினால் அது நான் எழுதியதா?

மார்ச் 6
முதல் இரங்கல்: ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். குடும்பம் தந்த தகவல் காய்ந்த சுள்ளி. கை அரித்தது. "அவர் ஹாரன் அடித்தால் தெருநாய்கள் வரிசையில் நிற்கும்" — ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

மார்ச் 7
டிரைவரின் மகள் போன் செய்தார். திட்டுக்குத் தயாராகி, போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். "நாய்ங்க வரிசையா நின்னத உங்களுக்கு யார் சொன்னது? நாங்க வெளியில சொன்னதே இல்லையே."
அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 9
தங்கை சொல்கிறாள்: "நீ விடுற சரடுல ஒண்ணாவது நிஜமாகாதாண்ணே? குருட்டாம்போக்குல பட்டிருக்கும்." சரி, சோதித்துவிடுவோம். நிஜமாகவே முடியாத ஒன்று. இன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார்: "செத்த பிறகும் வருகைப்பதிவு எடுப்பார்."

மார்ச் 11
வாத்தியார் மகன் பேசினார். "காலையில பள்ளிக்கூட நேரத்துக்கு அப்பா எங்க வீட்டுக் கூடத்துல பேர் கூப்பிடறார் சார். நாற்காலி காலியாத்தான் இருக்கு. கடைசியா உங்க பேர். அவர்கிட்ட படிச்சீங்களா?"
"இல்லையே."
"அந்தப் பேருக்கு மட்டும் 'உள்ளேன் ஐயா'ன்னு பதில் வருது. இப்பக் கேக்கறப்ப... உங்க குரல்தான் சார்."

மார்ச் 12
'அப்படி எதுவும் இல்லை' என்று வறட்டுத் திருத்தம் போட்டால், அந்த எழுத்தில் நான் இல்லை. போடாவிட்டால் நாளைக் காலையும் அந்தக் கூடத்தில் நான் — நான்தானா அது?

மார்ச் 13
திருத்தம் எழுதினேன், என் பாணியிலேயே. "வாத்தியார் கடைசி மணியை அடித்துவிட்டார். ஏழு கடல் தாண்டிக் கேட்டது. பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு ஓடியாயிற்று. ஒருவனையும் அவர் நிறுத்தி வைக்கவில்லை."
எடிட்டர் இரண்டு தரம் படித்தார். "இதுக்குப் பேர் திருத்தமா சார்?" ஆனால் எதையும் வெட்டவில்லை.

மார்ச் 15
வாத்தியார் மகன் பேசினார். கூடம் அமைதி.

மார்ச் 20
இன்று ஒரு நர்ஸ், ஆயுள் முழுக்க இரவு வேலை. "இனி ஊரே இடிந்து விழுந்தாலும் அவர் தூக்கம் கலையாது." அச்சுக்குப் போகுமுன் அவர் கணவருக்குப் போனில் படித்துக் காட்டினேன்.
"அப்படியே ஆகட்டும் சார்" என்றார்.